வழி என்னும் ஆறு

தமிழில் ஆறு என்பது நீரோடும் தடத்தை மட்டும் குறிப்பதன்று. வழி என்றும் அதற்குப் பொருள் உண்டு. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு வள்ளலின் ஊருக்குச் செல்லும் வழியைச் சொல்வதை ஆற்றுப்படை என்று பெயரிட்டு, ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தவர்கள் நம் முன்னோர். வகுப்பறையில் ஆண்டுதோறும் இதைச் சொல்லிச் சொல்லி அச்சொல்லின் ஈரம் நமக்கு உலர்ந்துவிட்டது. வழிக்கும் நதிக்கும் ஒரே சொல் அமைந்ததன் நியாயத்தை, நீர்வழிகளாலேயே தன்னை நெய்துகொண்ட ஒரு நாட்டில், ஒரு சிறு நதியின் மேல், மெல்ல மெல்ல உணர நேர்ந்தது.

நதியின் பெயர் வெக்ட். எழுத்துக்கூட்டினால் அப்படித்தான் வருகிறது. நெதர்லாந்துக்காரர் வாயில் அது 'ஃபெஹ்ட்' என்று தொண்டையில் உரசிக்கொண்டு வெளிப்படுகிறது. யூட்ரெக்ட் நகரில் தொடங்கி, வடக்கே மௌடன் என்னும் கோட்டையூரில் ஏரியை அடையும் இந்நதியின் நீளம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். காவிரியைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு இது ஒரு வாய்க்கால். ஆனால் ஒரு காலத்தில் ரைன் நதியின் கிளையாக இருந்து, அதன் நீரைக் கடலுக்குக் கொண்டுசென்ற நதி இது. 1122ஆம் ஆண்டு மேற்கே ஓடிய ரைன் கிளையை வைக் என்னும் ஊரருகே அணையிட்டுத் தடுத்தார்கள்; அதன் பிறகு வெக்டுக்கு வரும் நீர் குறைந்தது. வேகம் குறைந்த நதி, மனிதர் சொற்படி கேட்கும் நதியாயிற்று.

தம்பி யூட்ரெக்டில் பணிபுரிகிறான். சென்ற ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் அங்கே சென்றிருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை, மார்சன் என்னும் ஊரில் ஒரு சிறு மின்படகை நாள் வாடகைக்கு எடுத்தோம். அதைச் செலுத்த உரிமம் எதுவும் வேண்டியதில்லை. இத்தகைய சிறிய, வேகம் குறைந்த படகின் சுக்கானைப் பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் பிடிக்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். தம்பி மகளுக்குப் பன்னிரண்டு நிறைந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. ஆகவே அன்றைய மாலுமி அவள்தான். அமரத்தில் அவள், அணியத்தில் நாங்கள், நடுவே எலுமிச்சைச் சோற்றுத் தூக்கும் ஒரு கூடை செர்ரிப் பழமுமாகத் தம்பியும் அவன் மனைவியும்.

அவளுக்கு அது வெறும் உல்லாசப் பயணமன்று. அங்கே தொடக்கப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையும் தானே ஒரு பொருளைத் தேர்ந்து வகுப்பின் முன் நின்று பேசவேண்டும். 'ஸ்ப்ரேக்பர்ட்' என்று அதற்குப் பெயர். அவள் தேர்ந்துகொண்ட பொருள், வெக்ட் கரையின் பழைய மாளிகைகள். பத்து நிமிடப் பேச்சு. அடுத்த பத்து நாள்களில் பேசியாக வேண்டும். ஒரு கையில் சுக்கானும் மறுகையில் குறிப்பேடுமாக அவள் வந்ததற்குக் காரணம் அதுவே.

மின்படகு ஓசையெழுப்புவதில்லை. மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில், விரைந்து நடக்கும் மனிதனின் கதியில் அது நகர்ந்தது. கரையில் மிதிவண்டிக்காரர்கள் எங்களைக் கடந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். நெற்றியில் வெள்ளைப் பட்டையிட்ட நாமக்கோழிகள் குஞ்சுகளோடு நாணலுக்குள் ஒதுங்கின. மஞ்சள் நிற நீர்மலர்கள் இலைகளுக்கு மேல் முஷ்டி மடக்கி நின்றன. ஒரு சாம்பல் நாரை, படகு இரண்டு முழ தூரத்தில் கடந்தபோதும் அசையவில்லை. பாலங்களிலிருந்து சிறுவர்கள் கூச்சலிட்டபடி நீரில் குதித்தார்கள். அரை மணி நேரத்துக்குள் பேச்சு தானாகவே நின்றுபோனது. கண்முன் நிற்பது மறைவதற்குள் அதை முழுக்கப் பார்த்து முடிக்க அவகாசம் தருகிற வேகம், இன்றைய வாழ்வில் நமக்கு வேறெங்கே வாய்க்கிறது?

பார்ப்பதற்கு இருந்தவை பெரும்பாலும் மாளிகைகள். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆம்ஸ்டர்டாமின் பெருவணிகர்கள் கோடைக்கென்று இக்கரையில் கட்டியவை அவை. வெயில் காலத்தில் ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்கள் நாறும். வசதி படைத்தோர் குடும்பத்தோடும் பணியாளரோடும் படகேறி வெக்டுக்கு வந்துவிடுவார்கள். ஆகவே இவ்வீடுகளின் முகப்பு நதியை நோக்கியே இருக்கிறது. சாலையிலிருந்து பார்ப்பவனுக்கு மரங்களும் மதிலுமே தெரியும். படகில் வருபவனுக்குத்தான் புல்வெளியும் படிக்கட்டும் வேலைப்பாடமைந்த இரும்புக் கதவும் திறந்து காட்டப்படுகின்றன.

அவற்றுள் எங்களை மிகவும் கவர்ந்தவை மாளிகைகளல்ல. நீர் விளிம்பில் அவற்றுக்குச் சற்றுத் தள்ளி நின்ற சிறு தேநீர் மண்டபங்கள். ஆறு பக்கமோ எட்டுப் பக்கமோ கொண்டவை. பெரிய சன்னல்களும், தலையில் ஒரு சிறு கவிகையும் உடையவை. வீட்டார் மாலையில் அங்கே அமர்ந்து தேநீர் அருந்தியவாறு போகிற வருகிற படகுகளைப் பார்ப்பார்களாம். படகில் போகிறவர்களும் அவர்களைப் பார்ப்பார்கள். அதுவும் நோக்கத்தில் ஒரு பகுதியே. அக்காலத்தில் தேயிலை எளியோர்க்கு எட்டாத பொருள். அதை அருந்துவதை ஊரார் காணாவிட்டால் அருந்தியதன் பயன் பாதிதான்.

1719ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் இந்நதியைப் பற்றி ஒரு படநூலே வெளிவந்தது. 'வெற்றிவாகை சூடும் வெக்ட்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். டானியல் ஸ்டூப்பெண்டால் செதுக்கிய செப்புத்தகட்டு ஓவியங்களில், ஒவ்வொரு மாளிகையும் அதன் தோட்டமும் வரிசையாக வருகின்றன. ஆற்றுப்படை பயின்றவர்களுக்கு இது விசித்திரமான உறவினர் போலத் தோன்றும். அதிலும் ஒரு வழி உண்டு. வழிநெடுகச் செல்வர்களும் உண்டு. ஒன்றுதான் இல்லை: பசியோடு வரும் பாணன். யாருக்கும் வழிகாட்டாத ஆற்றுப்படை அது.

மார்சனிலேயே நிற்கிறது கௌடஸ்டைன் என்னும் மாளிகை. இப்போதுள்ள கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டினது; ஆனால் அவ்விடத்தை முதலில் அழகு செய்தவர்கள் ஹெய்டெகோப்பர் குடும்பத்தார். பெயருக்குப் பொருள் 'தோல் வாங்குபவர்'. குடும்பத்தின் இரண்டாம் யோவான் ஹெய்டெகோப்பர் ஆம்ஸ்டர்டாமின் நகரத் தலைவராகப் பலமுறை இருந்தவர். 1666 முதல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவர். 1682இல் ஆம்ஸ்டர்டாமின் தாவரவியல் தோட்டத்தை நிறுவியவர்களிலும் ஒருவர். கம்பெனிக் கப்பல்களில் தூர தேசங்களின் விதைகளும் செடிகளும் வந்து இறங்கின. சற்று வடக்கே, ப்ரூக்கெலன் ஊரில் குண்டர்ஸ்டைன் என்னும் மாளிகையைப் பிரெஞ்சுப் படை 1673இல் தகர்த்தது; அதை 1680இல் வாங்கி எடுத்துக்கட்டிய மக்டலேனா பூலே என்னும் பெண்மணி, குளிர்காலத்தில் சூடேற்றும் செடிமனை அமைத்து வெப்பநாட்டுத் தாவரங்களை வளர்த்தார். (அமெரிக்கக் குடியேறிகள் 1646இல் தங்கள் புதிய ஊருக்கு வைத்ததும் இந்த ப்ரூக்கெலனின் பெயரைத்தான், அதுவே இன்றைய ப்ரூக்ளின்.)

இவற்றையெல்லாம் தம்பி மகளின் குறிப்பேட்டிலிருந்து தம்பி உரக்கப் படிக்க, அவள் டச்சு உச்சரிப்புகளைத் திருத்திக்கொண்டே வந்தாள். கம்பெனி என்ற சொல் மூன்றாம் முறை வந்தபோது, சுக்கானிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"அத்தை, நம்ம ஊர்லயும் இந்தக் கம்பெனி இருந்துச்சுன்னு தாத்தா சொன்னாங்களே. அப்போ இந்த வீட்ல நம்ம ஊர்க் காசும் இருக்கா?"

எங்கள் ஊர் நாகப்பட்டினம். படகில் இருந்த பெரியவர்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டச்சுக்காரர் என்றதும் தமிழ் படித்தவர்களின் நினைவுக்கு வருவது லெய்டன் செப்பேடுகள். ஆனைமங்கலமும் சூடாமணி விகாரமும் இராசராசனும் பேசப்படும் அளவுக்கு, அச்செப்பேடுகள் கடல் கடந்ததற்குப் பின்னணியான நூற்றாண்டுகளை நாம் பேசுவதில்லை. அவள் கேட்டது செப்பேட்டைப் பற்றியன்று, காசைப் பற்றி.

அதற்கு விடை இருக்கிறது. 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினம் டச்சுக்காரர் கைக்குப் போனது. 1690இல் சோழமண்டலக் கரைக்கான அவர்களின் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகைக்கு மாறியது. 1781இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர். இத்தனை ஆண்டுகளும் அவர்கள் முதன்மையாக வாங்கியது துணி. கிழக்கிந்தியத் தீவுகளின் மிளகுக்கும் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் ஈடாக அங்குள்ளோர் விரும்பிக் கேட்டது நம் கரையின் நெசவும் சாயமுமே. சோழமண்டலத் துணியில்லாமல் மொலுக்காஸ் தீவுகளின் வணிகம் நடக்காது என்பதைக் கம்பெனியார் 1612லேயே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் நெசவாளி நெய்த துணி ஜாவாவுக்குப் போய் மிளகாகி, மிளகு ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்ப் பணமாகி, பணம் படகேறி இந்நதிக்கரையில் வந்து மண்டபமாயிற்று. எந்தச் செங்கல் எந்தத் தறியினது என்று பிரித்துச் சொல்ல ஒண்ணாது. ஆனால் அந்த வழி இருந்தது. அது நீர்வழியாகவே இருந்தது.

துணி மட்டும் கப்பலேறவில்லை. 1659 முதல் 1661 வரை, பீஜப்பூர்ப் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் தஞ்சை நாடு சிதைந்தபோது, உண்ண வழியின்றிக் கடற்கரைக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக விற்கப்பட்டு இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும் கம்பெனிக் கப்பல்களில் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் பெயர் எந்த ஆற்றுப்படையிலும் இல்லை. நாகையில் பிறந்து, நாகைக்கருகிலேயே கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நம்மைப் போன்றோரும் இதைப் பாடத்தில் படித்ததில்லை. பிற்காலத்தில் ஆய்வு நூல்களின் வழியே அறிந்துகொண்டோம். சொந்த ஊரின் துயரத்தைப் பிறர் எழுதிய ஆவணங்களில் சந்திப்பது ஒரு தனி வகைத் தலைகுனிவு.

பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு இதில் எவ்வளவைச் சொல்வது? அவள் பிறந்தது யூட்ரெக்டில். அவள் கனவு காண்பது டச்சு மொழியில் என்று அவளே சொல்லியிருக்கிறாள். இந்த நதியில்தான் நீந்தக் கற்றாள். குளிர் முற்றிய ஆண்டில் பக்கத்துப் பள்ள வயலின் பனியில் சறுக்கினாள். இது அவளுடைய ஆறு. அவளுக்கும் ஆற்றுக்கும் நடுவே நம் வரலாற்றைக் கொண்டுபோய் ஒரு மதகைப் போல நிறுத்த நமக்கு உரிமை உண்டா? அதே வேளையில், கேட்ட கேள்விக்கு அரை விடை தந்தால், மீதி விடையை அவள் வேறெங்கோ, வேறு எவர் வாயிலாகவோ கேட்கும் நாளில் நம்மைப் பற்றி என்ன நினைப்பாள்? செர்ரிப் பழத்தின் கொட்டைகள் கூடையில் சேர்ந்துகொண்டே போயின, யாரும் பேசவில்லை.

முதலில் சொற்களிலிருந்து தொடங்கினோம். தமிழாசிரியர்களுக்குத் தெரிந்த வழி அதுதானே. டச்சு மொழியில் பூவேலைப் பருத்தித் துணிக்கு என்ன பெயர் என்று கேட்டோம். 'சிட்ஸ்' என்றாள். தமிழில் அதுவே சீட்டி, சீட்டித் துணி. வடஇந்தியச் சொல்லொன்று இரு திசையிலும் பயணம் செய்திருக்கிறது. தேநீருக்கு? 'தே' என்றாள். நம் தேயிலையின் 'தே'யும் அதே தென்சீனக் கடற்கரையிலிருந்து வந்ததுதான். பிறகு, டச்சுக்காரர் நமக்குத் தந்துவிட்டுப்போன சொல் ஒன்றுண்டு: துட்டு. 'டௌட்' என்னும் அவர்களின் செப்புக்காசு அது. பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பெனிக்கான துட்டுகளை அச்சிட்ட நகரங்களுள், இந்நதி புறப்படும் யூட்ரெக்டும் ஒன்று. (கக்கூசு என்ற சொல்லும் அவர்கள் தந்ததே என்று தம்பி சொன்னதும் படகு ஒருமுறை கரையை நோக்கித் திரும்பிவிட்டது; மாலுமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.)

சிரிப்பு அடங்கிய பிறகு, மற்றதையும் சொன்னோம். தறியை, கப்பலை, விற்கப்பட்ட மனிதர்களை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவள் வியப்படையவில்லை என்பதே எங்களுக்கு வியப்பு. அந்நாட்டில் இப்பேச்சு புதிதன்றாம். 'பொற்காலம்' என்று அந்நூற்றாண்டை அழைப்பதை ஆம்ஸ்டர்டாம் நகர அருங்காட்சியகம் 2019இல் கைவிட்டது. 2022 டிசம்பரில் பிரதமரும், 2023 ஜூலை முதல் நாளில் அரசரும் அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கேட்டார்கள். அரசர் பேசியதைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகச் சொன்னாள். "ஆனா அதுல சுரினாம் பத்தித்தான் நிறையப் பேசினாங்க. நாகப்பட்டினம்னு கேட்ட ஞாபகமே இல்ல," என்றாள்.

லூனன் ஊரில் படகைக் கட்டிவிட்டுப் புல்வெளியில் அமர்ந்து உண்டோம். அங்கிருந்து பார்த்தபோது நதியில் ஒரு சரக்குப் படகும் இல்லை என்பது உறைத்தது. ஒரு காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து கயிற்றால் இழுத்துச் சென்ற பயணப் படகுகள் குறித்த நேரத்துக்கு இவ்வழியே வந்துபோயின. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நோக்கிச் செல்லும் சரக்கெல்லாம் இதில்தான் சென்றது. 1892இல் மேற்கே மெர்வேடு கால்வாய் வெட்டப்பட்டதும் சரக்கு அங்கே மாறியது. 1952இல் அதையும் உள்ளடக்கி ஆம்ஸ்டர்டாம்-ரைன் கால்வாய் திறக்கப்பட்டது. இன்று பெருங்கப்பல்கள் அந்நேர்கோட்டில் விரைகின்றன. வளைந்து வளைந்து ஓடும் வெக்டுக்கு வேலையில்லை. வழி என்னும் பொருள் அதைவிட்டு அகன்று, ஆறு என்னும் பொருள் மட்டும் எஞ்சியது.

ஓய்வு பெற்ற நதிக்கு உடனே மரியாதை கிடைத்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் நகரக் கழிவும் ஆலைக் கழிவும் அதில் கலந்தன; அடியில் நச்சுச் சேறு படிந்தது. 2010களில் பல ஆண்டுகள் உழைத்து, மிகுந்த பொருட்செலவில் அச்சேற்றை வாரியெடுத்தார்கள். சிறுவர்கள் பாலத்திலிருந்து அச்சமின்றிக் குதிப்பதும், நாங்கள் கைவிரல்களை நீரில் அளையவிட்டு வந்ததும் அதனால்தான். அழகு அங்கே தானாக விளைந்திருக்கவில்லை. அடியில் கிடப்பதை முதலில் அளந்து, பிறகு அள்ளி, கரையேற்றிய பின்னரே மேலே நீர்மலர் பூத்திருக்கிறது. நதிக்குச் செய்ய முடிந்ததை நினைவுக்கும் செய்ய முடியும் என்று எண்ணிக்கொண்டோம். தூர்வாருவது நதியைப் பழிப்பதாகாது.

திரும்பும் வழியில் வெயில் சாய்ந்தது. அந்நாட்டின் ஜூன் மாதப் பகல் இரவு பத்து மணி வரை நீள்வது. மஞ்சள் ஒளி அவசரமின்றி மரங்களில் தங்கியிருந்தது. ஒரு தேநீர் மண்டபத்தின் சன்னல் திறந்திருக்க, உள்ளே முதிய தம்பதியர் இருவர் எதிரெதிரே அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள், நாங்களும் அசைத்தோம். அந்தக் கையசைப்பில் கசப்பு எதுவும் கலக்கவில்லை. காலையில் விருந்தினராகப் படகேறியவர்களுக்கு, இக்கரையில் தமக்கும் ஒரு சிறு கணக்கு உண்டு என்று மாலையில் தெரிந்திருந்தது. அவ்வளவே. கணக்கு இருக்கும் இடத்தில் உறவும் இருக்கும் என்பது வணிகம் செய்த கடற்கரை ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல.

மார்சனை நெருங்கும்போது அவளுடைய பேச்சைப் பற்றிய ஆலோசனை தொடங்கியது. பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் மாளிகைகளுக்கு, மூன்று நிமிடம் நாகப்பட்டினத்துக்கு என்று தம்பி பிரித்தான். மூன்று போதாது, நான்கு வேண்டும் என்றோம் நாங்கள். கடைசியில் வைத்தால் நேரம் தீர்ந்து அது விடுபட்டுப்போகும் என்றாள் அவள் அம்மா. மாலுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பாலத்தின் கீழே படகை நடுவில் நிறுத்திக் கடத்திய பின் சொன்னாள்:

"எதுக்குத் தனியாப் பிரிக்கணும்? வீட்டைப் பத்திச் சொல்லும்போதே துணியைப் பத்தியும் மக்களைப் பத்தியும் சொல்லிட்டாப் போச்சு. ரெண்டும் ஒரே கதைதானே அத்தை?"